வெளியீட்டு விழா முடிந்தது, நூலைப் பற்றி எப்போது பேசப் போகிறோம்?

சிங்கப்பூரில் தமிழ் நூல் வெளியீடுகளையும் இலக்கியச் சந்திப்புகளையும் நடத்திவரும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். நீங்கள் செய்வது சம்பளமில்லாத வேலை. வாரம் முழுக்க அலுவலகம், சனி ஞாயிறு வந்தால் அரங்கப் பதிவு, விருந்தினருக்கு நினைவூட்டல், ஒலிவாங்கிச் சோதனை, வடையும் கேசரியும் எத்தனை பேருக்குச் சொல்வது என்ற கணக்கு. இந்த உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால்தான் உரிமையோடு எழுதுகிறேன். அதில் ஒரு பங்கை, வெளியான நூலை வாசித்தவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கு ஒதுக்குங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

இப்போது இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அண்மைக் காலமாக இங்கே வரும் தமிழ் எழுத்தில் நாம் யார், எங்கே சேர்ந்தவர்கள் என்ற கேள்வி நேராகவே வந்து நிற்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்த தாத்தாவைப் பற்றிப் பேத்தி எழுதுகிறாள். வேலைக்கு வந்து, நிரந்தரவாசியாகி, மகனைத் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப் பயிற்சிக்கு அனுப்பும் நாளில் தன் நாடு எது என்று முதல்முறையாக யோசிக்கும் அப்பா கதைக்குள் வருகிறார். தமிழ் அப்பாவுக்கும் சீன அம்மாவுக்கும் பிறந்த பிள்ளையும் வருகிறாள். 2011இலிருந்து அடையாள அட்டையில் இரண்டு இனங்களைச் சேர்த்தே குறிப்பிடலாம். ஆனால் பள்ளியில் எந்தத் தாய்மொழி வகுப்பில் உட்காருவது என்பதில் தொடங்கி, தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவது என்பது வரை அவளுக்கு எதுவும் அட்டையோடு தீர்ந்துவிடுவதில்லை. இதையெல்லாம் வாசித்துவிட்டு மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. யாரோடாவது பேச வேண்டும்போல் இருக்கிறது. அதற்கான இடம்தான் எளிதில் கிடைப்பதில்லை.

வெளியீட்டு விழா அந்த இடமாக இல்லை. அழைப்பிதழில் ஐந்து மணி என்றிருக்கும். ஐந்தரைக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். முதல் பிரதி, சிறப்புப் பிரதி, பிறகு வரிசையாக மேடையேறிப் பிரதி பெறுவோர், ஒவ்வொருவருக்கும் ஒரு படம், ஒரு பொன்னாடை. பட்டியலில் ஆய்வுரை என்று ஒன்று இருக்கும். நூலை உண்மையாகவே இரண்டு முறை வாசித்துக் குறிப்பெடுத்து வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மூன்றாவது கதைக்கு வரும்போது, சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு போகும். எழுத்தாளர் ஏற்புரைக்கு எழுந்து வருகையில் மணி ஏழரை தாண்டியிருக்கும். அரங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பின்வரிசையில் பலகாரப் பொட்டலங்கள் கைமாறத் தொடங்கியிருக்கும். மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு நூலோடு வாழ்ந்தவர் நன்றிப் பட்டியலை மட்டும் வாசித்துவிட்டு இறங்குவார்.

சரி, விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் எழுத்தாளர்கள் பலர் சொந்தக் காசைப் போட்டோ மானியத்தில் ஒரு பகுதியைப் பெற்றோ சென்னையில் அச்சடித்து, சில நூறு பிரதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்தச் செலவில் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த ஒரு மாலையில்தான். உறவும் நட்பும் உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். கைதட்டலும் அவர்களுக்கு வேண்டியதுதான். நான் சொல்வது ஒன்றே ஒன்று: அன்றைக்கு அரங்கில் இருப்பவர்களில் ஓரிருவரைத் தவிர வேறு யாரும் அந்த நூலை வாசித்திருக்க மாட்டார்கள். வாசித்தவர்கள் கூடும் இன்னொரு நாள் வேண்டும்.

அந்த நாள் வராமலே பல நூல்கள் போய்விடுகின்றன. சட்டப்படி இங்கே வெளியாகும் ஒவ்வொரு நூலின் இரண்டு பிரதிகள் தேசிய நூலக வாரியத்துக்குப் போக வேண்டும். நல்ல சட்டம் அது. 2015இல் பொன்விழா ஆண்டையொட்டி, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350ஐத் தொண்டூழியர்கள் நூலக வாரியத்தோடு சேர்ந்து மின்வடிவாக்கினார்கள். ஆக, நம் நூல்கள் தொலையவில்லை, பத்திரமாக இருக்கின்றன. பேசப்படாமல் பத்திரமாக இருக்கின்றன என்பதுதான் என் வருத்தம்.

பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வட்டார நூலகத்தின் சின்ன அறை. சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பற்றிய சந்திப்பு. மேடை இல்லை, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். நூலுக்குப் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார், பக்கங்களுக்கு நடுவே கிழித்த நாள்காட்டித் தாள்கள். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து, அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று வரும் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு எழுத்தாளரைப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, ஒத்துமையாத்தான் இருந்தோம். மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாரோடயும் நல்லாத்தான் இருந்தோம். ஆனா குழாயடியில யாரு முதல்ல குடம் வைக்கிறதுன்னு நம்ம ஆளுங்களுக்குள்ளயே ஒரு வரிசை இருந்துச்சு. சாதி வரிசை. எங்க அம்மா கடைசியிலதான் நிப்பாங்க. அதை ஏன் விட்டுட்டீங்க?”

எழுத்தாளருக்கு வயது நாற்பது இருக்கும். தனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை என்றார். அந்த அம்மா, கேட்டால்தானே சொல்லுவோம் என்றார். அப்புறம் அரைமணி நேரம் அந்த அறையில் நடந்த பேச்சை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. நம் குடியேற்றக் கதைகளில் வறுமை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, முன்னேற்றம் இருக்கிறது. ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்த வேறு சில சரக்குகள் பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு வாசகி கேட்டுவிட்டார்.

அதே அறையில், கதவோரத்தில் ஓர் இளைஞர். கட்டுமானத் தளத்தில் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை என்பதால் வர முடிந்திருந்தது. கடைசியில் கை தூக்கினார். “கதையெல்லாம் நல்லா இருந்துச்சு சார். ஆனா எங்க ஆளுங்க வர்ற மூணு கதையிலயும் யாருக்கும் பேரே இல்லையே, ஏன்?”

எழுத்தாளர் உடனே பதில் சொல்லவில்லை. நூலைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான். ‘ஊழியர்’, ‘அந்த பங்களாதேஷ்காரர்’, ‘தூக்கு வாளியோடு நின்ற ஒருவன்’. உங்களில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவருடைய அடுத்த நூலுக்குக் காத்திருக்கிறேன். இளைஞர் சிரித்துக்கொண்டே, அப்ப ஞாயித்துக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வாங்க சார் என்றார்.

இந்த இரண்டு கேள்விகளும் எந்த ஆய்வுரையிலும் வந்திருக்காது. ஆய்வுரையாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அந்தக் குழாயடியில் நின்றவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

நம் இலக்கியத்தின் தொடக்கத்தைப் பாருங்கள், அதுவே பலவகைத் தமிழர்கள் கலந்து செய்த காரியம். சி.கு. மகுதூம் சாயபு 1887இல் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சதாசிவ பண்டிதர், டேங்க் ரோடு முருகன்மேல் ‘சிங்கை நகர் அந்தாதி’ பாடி வெளியிட்டார். அது அச்சானது தீனோதய வேந்திரசாலையில், அதாவது மகுதூம் சாயபுவின் அச்சகத்தில். செட்டியார்கள் 1859இல் எழுப்பிய கோயில், அதன்மேல் பாட்டெழுதிய யாழ்ப்பாணத்துச் சைவர், அச்சிட்டுக் கொடுத்த தமிழ் முஸ்லிம். அடுத்த ஆண்டு சாயபு தம் இதழில் ‘வினோத சம்பாஷணை’ என்று எழுதினார். இங்கே எழுதப்பட்ட தொடக்ககாலப் புனைவு என்று ஆய்வாளர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அது முழுக்க உரையாடல் வடிவில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை வைத்தே அவர் ஊரைக் காட்டினார்.

பின்னால் வந்த கோ. சாரங்கபாணியும் அப்படித்தான். 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கியவர், 1952இலிருந்து தமிழர் திருநாளைக் கொண்டாட வைத்தவர், 1950களில் தமிழர்கள் இந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லாத குறையாகச் சொன்னவர். நாம் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் தானாக வந்துவிடவில்லை. எழுதியும் வாதாடியும் எதிர்வாதம் கேட்டும்தான் வந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கின. அந்தப் பெயரில் இயங்கிய உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று பீட்டி சாலையில் இருக்கும் தமிழ்மொழி நிலையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே தமிழ் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் இந்தக் கதையை யாராவது சொல்கிறோமா என்பது எனக்கு அடிக்கடி வரும் சந்தேகம்.

இனி, கொஞ்சம் கசப்பான பகுதி. இங்கே பிறந்து வளர்ந்த எழுத்தாளர்களும், 1990களுக்குப் பிறகு வேலைக்கு வந்து குடியேறி எழுதுபவர்களும் ஒரே அரங்கில் உட்காருகிறோம், ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்துகிறோம். விழா முடிந்து கோப்பிக்கடைக்குப் போனதும் பேச்சு மாறுகிறது. அவங்க எழுதுறதுல சிங்கப்பூரே இல்ல, புளோக் நம்பரை எடுத்துட்டா அது மதுரைக் கதை என்று ஒரு மேசையில். இவங்களுக்கு வாக்கியமே சரியா வரல, மானியம் மட்டும் சரியா வருது என்று இன்னொரு மேசையில். இரண்டு மேசைகளிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டிலும் வலி இருக்கிறது, கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. இங்கே பிறந்தவர் எழுதும் தமிழ், அவர் கேட்டு வளர்ந்த தமிழ். அதில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலமும் கலந்திருப்பது அவருடைய வாழ்க்கை. வந்தவர் ஊரை மறக்க முடியாமல் எழுதுவதும் சிங்கப்பூர் அனுபவம்தான், இந்த ஊரே வந்தவர்களால் ஆனது. இதை நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு, வரிகளைக் காட்டி, முகம் பார்த்துப் பேசினால் ஒருவர் தமிழை இன்னொருவர் ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்வோம். கோப்பிக்கடையிலேயே வைத்திருந்தால் அது புறணியாகவே கிடக்கும்.

வெளிநாட்டு ஊழியர்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். 2013 டிசம்பரில் தேக்காவில் கலவரம் நடந்த அன்றிரவு நம்மில் பலர் முதலில் செய்தது, அவர்கள் வேறு, நாம் வேறு என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கியதுதான். 2020இல் தங்குவிடுதிகளில் கிருமித்தொற்று பரவி மூன்று லட்சம் பேர் அறைகளுக்குள் அடைபட்டபோதுதான், அவர்களில் கவிதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள் என்று பலருக்குத் தெரியவந்தது. அவர்களுக்கான கவிதைப் போட்டி 2014இலேயே தொடங்கியிருந்தது. அவர்கள் எழுதுவதை ‘ஊழியர் இலக்கியம்’ என்று தனிப் பெட்டியில் போட்டு, ஆண்டுக்கொரு முறை மேடையேற்றி அனுப்பிவிடுவது போதாது. நம் நூல்களுக்கு அவர்களும் வாசகர்கள். பெயர் இல்லாமல் தங்களை நூல்களுக்குள் சந்திக்கும் வாசகர்கள்.

இளையர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010இல் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் குடியிருப்பாளர்களில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2020 கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடு. இந்த எண்ணைக் காட்டி மேடையில் அழுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் பாட்டியைப் பற்றி, தங்கள் நிறத்தைப் பற்றி, வாடகைக்கு வீடு தேடியபோது கேட்ட பதில்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு வேறோர் அரங்கில், வேறொரு கூட்டத்தோடு நடக்கிறது. எழுதப்பட்ட பாட்டி அங்கே இல்லை. அந்தப் பிள்ளையையும், அதே விஷயத்தைத் தமிழில் எழுதிய ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு மொழியிலும் பேசவிட்டுப் பாருங்கள். தமிழ் நிகழ்ச்சியில் ஆங்கிலமா என்று ஒருவர் எழுந்து கேட்பார். கேட்கட்டும், பதில் சொல்லுங்கள். அதுவும் இந்த உரையாடலின் பகுதிதான்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குப் பெரிய திட்டமொன்றும் இல்லை. வெளியீடு முடிந்து ஆறேழு வாரம் கழித்து ஒரு சந்திப்பு. அதன் தேதியை வெளியீட்டு அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள், நூலை வாங்கிப்போகிறவர் வாசிக்க ஒரு காரணம் இருக்கும். சிறப்பு விருந்தினர் வேண்டாம், வாழ்த்துரை வேண்டாம். எழுத்தாளர் ஒரு பகுதியைத் தம் குரலில் வாசிக்கட்டும், அதற்குமேல் முதல் ஒரு மணி நேரம் அவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பேச்சை நடத்துகிறவர் நூலை முழுக்க வாசித்தவராக இருக்க வேண்டும். ஒரே ஆள் கால்மணி நேரம் பேசினால் அன்போடு நிறுத்தத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இது நம் கூட்டங்களில் மிக அரிதான திறமை, தேடிப் பிடியுங்கள். விற்காமல் மீந்திருக்கும் பிரதிகளில் சிலவற்றைத் தங்குவிடுதிகளுக்கும் முதியோர் நடவடிக்கை நிலையங்களுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஊழியர்கள் வர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மதியத்துக்குள். சனிக்கிழமை மாலை விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் ஐந்தாம் மாடி என்றால் அவர்களால் வர முடியாது.

நம்மிடம் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம் மாதந்தோறும் கூடுகிறது, கவிமாலை என்ற கவிஞர் அமைப்பும் அப்படியே. அங் மோ கியோ நூலகத்தில் வாசகர் வட்டம் இயங்கியிருக்கிறது. கூடிப் பேச ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாதாந்தர நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் எழுதுகிறவர்கள்தான் எழுதுகிறவர்களைச் சந்திக்கிறார்கள். எழுதாத வாசகரை, எழுதப்பட்டவரை, அங்கே அழைத்து வருவதுதான் பாக்கி.

ஒரு தயக்கம் உங்களுக்கு இருக்கும் என்று தெரியும். சின்ன ஊர், எல்லாரும் தெரிந்தவர்கள். நூலைப் பற்றி மாற்றுக் கருத்துச் சொன்னால் அடுத்த விழாவுக்கு வரமாட்டார், அடுத்த தீபாவளிக்குப் பேசமாட்டார். எழுத்தாளர்கள் சிலருக்கு விமர்சனம் தாங்காது என்பதும் உண்மை. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். அவர் நூலைத் தாக்கவில்லை. தன் அம்மாவை அந்த நூலுக்குள் தேடினார், காணவில்லை என்று சொன்னார். அப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்றால் கோபித்துக்கொள்ளும் எழுத்தாளரும் வீட்டுக்குப் போய் யோசிப்பார். பாராட்டு மட்டுமே கேட்டுக்கேட்டு நம் எழுத்தாளர்கள் சிலர் இரண்டாவது நூலோடு நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். யாராவது வாசித்தார்களா என்றே அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பேசியவற்றை எழுதியும் வையுங்கள். யார் என்ன கேட்டார், எழுத்தாளர் என்ன சொன்னார் என்று இரண்டு பக்கம் போதும். நம் இதழ்கள் இடம் கொடுக்கும். பொன்னாடைப் படத்துக்குப் பதிலாக அந்த இரண்டு பக்கம் வந்தால், நாற்பது ஆண்டு கழித்து இந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றி ஆராய்கிறவருக்கு அதுதான் உதவும்.

ஏப்ரலில் தமிழ் மொழி விழா, ஆண்டிறுதியில் எழுத்தாளர் விழா. இரண்டுக்கும் உங்கள் நாள்காட்டி நிறைந்துவிடும் என்பதை அறிவேன். ஆகவே ஜூலை, ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு காலையைக் கேட்கிறேன். புது நூல்தான் வேண்டும் என்றில்லை. சென்ற ஆண்டு உங்கள் அமைப்பே வெளியிட்டதில் ஒன்றை எடுங்கள், அதன் பிரதிகள் இன்னும் உங்களில் யாரோ ஒருவர் வீட்டுப் பொருளறையில் பெட்டியோடு இருக்கும். தேதி முடிவானதும் சொல்லுங்கள். வாசித்துவிட்டு வருகிறேன், என் புளோக்கிலிருந்து இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்,
உட்லண்ட்ஸ் வாசகி ஒருத்தி